வீடு வாங்கும் முன் நிலக்கீழ் அறையை மணந்து பாருங்கள்

நோர்வேயில், ஒஸ்லோவின் குறோருத்தாலன் பக்கம் வீடு தேடும் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலக்கீழ் அறை ஒரு வரம்போலத் தெரியும். வாடகைக்கு விட்டு வங்கிக் கடன் கட்டலாம், வளர்ந்த பிள்ளைக்குத் தனியறையாகக் கொடுக்கலாம். ஈரம் முதலில் குடியேறுவதும் அந்த அறையில்தான்.

சுவருக்குள் நடப்பது

1950, 60களில் கட்டிய வீடுகளில் நிலக்கீழ் அறை பெரும்பாலும் சாமான் வைக்கும் இடம். பின்னால் வந்தவர்கள் கொங்கிறீட் சுவரின் உட்பக்கம் மரச்சட்டம் அடித்து, குளிர் தாங்கும் பஞ்சு நிரப்பி, பலகை போட்டுப் படுக்கையறை ஆக்கினார்கள். மண்ணின் ஈரம் கொங்கிறீட்டில் ஊறிவரும். வீட்டுச் சூட்டைப் பஞ்சு தடுத்துவிடுவதால் அந்தச் சுவர் குளிர்ந்தே கிடக்கும். இடையில் அகப்பட்ட மரம் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். வெளியே தெரிவது புதுப் பெயின்ற் மட்டுமே.

நெஞ்சுக்கு என்ன செய்யும்

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் பதிவு செய்தது. என்ன பூஞ்சணம், எவ்வளவு என்று அளக்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஈரம் கண்ணில் பட்டாலோ பூஞ்சண மணம் வந்தாலோ அதுவே திருத்துவதற்குப் போதிய காரணம். குளோரின் போட்டுத் துடைத்தால் கறை மறையும், ஈரம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை அந்த அறையில் படுக்க விடவே கூடாது.

அறிக்கையில் 2 என்ற எண்

நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல், வீட்டை 'உள்ளபடியே விற்கிறேன்' என்று எழுதிவிட்டு விற்பவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் விற்பனைக்கு முன் வீட்டைப் பரிசோதித்து எழுதும் நிலை அறிக்கையில் தெளிவாக எழுதியதெல்லாம் வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். அதில் வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இடும் தரங்களில் மிக மோசமான 3ஐக் கண்டு எங்களவர்கள் பின்வாங்குகிறார்கள், 2ஐப் படிக்காமலே தாண்டுகிறார்கள். வீட்டைச் சுற்றிய நீர்வடிகால் பழையதாகிவிட்டது என்ற செய்தி பெரும்பாலும் அந்த 2இல்தான் இருக்கும். அதைத் தோண்டி மாற்றுவது பெரிய செலவு. பலகை அடித்த நிலக்கீழ் சுவரிலும் குளியலறையை ஒட்டிய சுவரிலும் துளையிட்டு ஈரம் அளந்தார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் காரணம் கேளுங்கள்.

விலை சொல்லி, விற்பவர் ஏற்றுவிட்டால் திரும்ப வழியில்லை. ஆகவே வீடு பார்க்கப் போவதற்கு முதல் நாளே அறிக்கையைப் படித்துவிட வேண்டும். மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால் தாமதிக்காமல் எழுத்தில் முறையிடுங்கள், உச்ச வரம்பு 5 ஆண்டு. முதல் 10,000 குறோனர் நட்டம் பொதுவாக வாங்கியவர் தலையில்தான்.

வீடு பார்க்கும்போது

வெளிக்காற்றிலிருந்து நேரே கீழே இறங்கி உடனே மணந்து பாருங்கள். சில நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, அடிப்பலகை அமுங்குகிறதா, வெளியே நிலம் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்று கவனியுங்கள். 2023 ஓகஸ்டில் 'ஹான்ஸ்' புயல்மழை பெய்தபோது உள்ளே தண்ணீர் வந்ததா என்றும் கேளுங்கள்.

குடிபோன பிறகு

புட்டும் இடியப்பமும் அவிக்கும் ஆவி, உள்ளே காயும் உடுப்பு எல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில்தான் போய்ப் படியும். அலுமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், யன்னலின் காற்றுத் துளையைப் பனிக்காலத்தில் அடைக்காதீர்கள். பிள்ளையின் இருமல் வெளியூர் போனால் குறைந்து, வீடு திரும்பினால் கூடுகிறது என்றால் அதைக் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள்.