கண்டா வழக்கும் மூன்று மாதக் கெடுவும்

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் டீக்கடையில் ஒரு தங்கச்சி கேட்டார்: “கம்பெனி வேலை போனால் தொழிலியல் நீதிமன்றம் போகலாம். அரசாங்க வேலை போனால் மட்டும் அங்கே ஏன் போக முடியாது?” தே தாரிக்கை ஆற்றிக் குடித்தபடி அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ், வேலைநீக்கத்தை எதிர்த்து 60 நாளுக்குள் முறையிடலாம். ஆனால் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அரசாங்க ஊழியரை அதிலிருந்து விலக்கிவிட்டது. அரசாங்க ஊழியருக்குக் காவல், அரசியலமைப்புச் சட்டத்தின் 135ஆம் விதி. நியமிக்கும் அதிகாரம் உள்ளவருக்குக் கீழ்ப்பட்டவர் நீக்கக்கூடாது. ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பும் தரவேண்டும்.

படிக்க இரண்டு வரிதான். அதற்கு உயிர் கொடுத்தவர் சுரிந்தர் சிங் கண்டா என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். 1958 ஜூலையில் போலீஸ் கமிஷனர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். அதற்கு முன்பே ஒரு விசாரணைக் குழு அவரைக் கடுமையாகக் குறைகூறி அறிக்கை எழுதியிருந்தது. ஒழுங்கு விசாரணை நடத்திய அதிகாரியின் கையில் அந்த அறிக்கை இருந்தது. கண்டாவிடம் யாரும் அதைக் காட்டவில்லை. எதிரில் இருப்பவர் ஏற்கெனவே என்ன படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமலேயே அந்த மனிதர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் கொதிக்கிறது.

உயர் நீதிமன்றத்தில் கண்டா ஜெயித்தார், மேல்முறையீட்டில் தோற்றார். 1962இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் டென்னிங் பிரபு தீர்ப்பு வாசித்தார். மெர்டேக்காவுக்குப் பிறகு நியமன அதிகாரம் போலீஸ் சேவை ஆணையத்துக்குப் போய்விட்டது; ஆகவே கமிஷனர் நீக்கியது செல்லாது. மேலும், தன்மீது என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தெரியாதவருக்குக் கொடுத்த வாய்ப்பு வாய்ப்பே அல்ல. அந்த அறிக்கை அதிகாரியின் மனத்தை உண்மையில் கெடுத்ததா என்று நீதிமன்றம் ஆராயாது. கெடுத்திருக்கக் கூடும் என்பதே போதும்.

1996இல் டான் டெக் செங் என்ற ஆசிரியரின் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. 3,179 வெள்ளி சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டை வைத்துக் கல்விச் சேவை ஆணையம் அவரை நீக்கியிருந்தது. தண்டனை அளவுக்கு மீறியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பதவியிறக்கமாகக் குறைத்தது. அரசியலமைப்பின் 5ஆம் விதி சொல்லும் ‘உயிர்’ என்பதில் பிழைப்பும் அடங்கும் என்று நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் அதில் எழுதினார். நம் ஊர் அரசாங்க ஊழியர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு.

காரியத்துக்கு வருவோம். 1993ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, வேலைநீக்கம் வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். நேரில் பேசவிடுவார்கள் என்று நம்பி எதையும் மிச்சம் வைக்காதீர்கள். நேர்முக விசாரணை கட்டாயமில்லை. எந்த ஆவணங்களை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

நீக்கிவிட்டால், உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. அது இருக்கும் லைட் ஸ்திரீட்டுக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். கெடு மூன்று மாதம். இலாகாவுக்கு ஒரு கடிதம், யூனியனுக்கு ஒரு கடிதம் என்று அலைவதற்குள் அது கடந்துவிடும். கடந்தபின் அவகாசம் கேட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும்; பதிலுக்குக் காத்திருந்தேன் என்பதை நீதிமன்றம் ஏற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். நீக்கக் கடிதம் கைக்கு வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.