அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓடும் தெருக்களில், தம்பி தங்கச்சியைப் படிக்க வைத்துவிட்டுத் தன் படிப்பை விட்ட அண்ணன்கள் பலர். வயது தாண்டியதால் உதவியில் விடுபட்ட அண்ணன்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது.

கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, உள்ளூர்ச் சபைகள் மூலம் ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஸ்பான்சர் பிடித்துக் கொடுத்தது. ஃபீஸ், யூனிஃபார்ம், மருத்துவம், சாயங்கால வகுப்பு எல்லாம் கிடைக்கும். பிள்ளை தமிழில் எழுதும் கடிதம் ஆங்கிலமாகிக் கடல் தாண்டும். பதிலோடு முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் போட்டோ வரும். ஆனால், திட்டம் ஊருக்கு வரும்போது 12 வயது தாண்டியவர்களுக்கு இடமில்லை. தம்பி உள்ளே, அண்ணன் வெளியே.

ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. இந்த ஒப்பீட்டைத்தான் பொருளாதார ஆய்வாளர் புரூஸ் வைடிக்கின் குழு பயன்படுத்தியது. இந்தியா உட்பட 6 நாடுகள், 10,144 பேர். 2013இல் வந்த முடிவு: ஸ்பான்சர் கிடைத்தவர்கள் ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்தார்கள். பட்டம் பெற்றவர்களும் கூடினார்கள். ஆனால் பள்ளியில் தெரிந்த அளவு ஏற்றம் கல்லூரியில் இல்லை.

அமெரிக்காவில் மார்மன் சபை வேறு வழியில் போனது. 1954 முதல், பெரும்பாலும் நவஹோ பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, பள்ளி ஆண்டு முழுக்க வெள்ளைக்காரக் குடும்பங்களில் வளர்த்தது. கோடை விடுமுறைக்கு மட்டும் ஊர். சிலர் கல்லூரியை எட்டினார்கள். பாதியில் வீடு திரும்பியவர்கள் ஏராளம். தாய்மொழி தட்டுத்தடுமாற, பாட்டியோடு பேச முடியாமல் நின்றவர்களும் உண்டு.

கம்பாஷன் திட்டத்தில் பிள்ளை ராத்திரி அம்மா பக்கத்தில்தான் படுத்தது. ஆனால் பிடி வேறொருவர் கையில். தன் மீது எழுந்த மதமாற்றப் புகாரை அமைப்பு மறுத்தது. வெளிநாட்டுப் பணத்துக்கு மத்திய அரசு முன் அனுமதி கேட்டது. 2017 மார்ச்சில் கம்பாஷன் இந்தியாவை விட்டுப் போனபோது, சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது.

இப்போது தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். ஞானஸ்நானமும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022இல் வந்தது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல். இடையில் பணமில்லாமல் கல்லூரியை விட்ட பையனுக்கு? அவனும் யாரோ ஒருவரின் அண்ணன்தான்.