உங்களுக்குத் தெரியுமா? இன்ஜின் ஓடும், பொக்லைன் கை அசையாது!

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சூழ்ந்த முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கால்வாய் தூர்வார பொக்லைன்தான் வர வேண்டும். வேலை நடுவே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கை, வாளி, பட்டைச் சக்கரம் எல்லாமே ஒரே நேரத்தில் நின்றால் பம்ப்பில் கை வைக்க அவசரப்படாதீர்கள். முதலில் கரண்ட்டைப் பாருங்கள்.

பெரும்பாலான பொக்லைன்களில் இருக்கையோரப் பாதுகாப்பு லீவரில் சிறு சுவிட்ச் ஒன்று உண்டு. அது 24 வோல்ட்டை அனுப்பி ஒரு சோலனாய்டு வால்வைத் திறந்தால்தான் ஜாய்ஸ்டிக்குகளுக்கு பைலட் ஆயில் போகும். வாளியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். ஒருவர் லீவரைப் போட, மற்றவர் அந்தச் சோலனாய்டின் நட்டில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைக்கட்டும். காந்தமாக இழுத்தால் காயிலுக்குக் கரண்ட் வருகிறது, வால்வு சிக்கியிருக்கலாம். இழுக்காவிட்டால் பியூஸ், சுவிட்ச், ஒயர், எர்த், காயில் என்று வரிசையாகத் தேடலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி அளந்தால் மல்டிமீட்டர் 24 காட்டும். சேற்றுநீர் புகுந்து பச்சை பூத்த பின்னாக இருந்தால், காயிலை மாட்டியதுமே வோல்டேஜ் சரிந்துவிடும். ஆகவே கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாகப் புரோப் செருகி அளப்பதே சரி. ஒரே ஒரு அசைவு மட்டும் நின்றிருந்தால் இந்தச் சோலனாய்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.