உடல் கவசம் வாங்குவோர் கவனத்திற்கு



விடியற்காலை நான்கு மணிக்கு வானகரம் சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், நம் தொழில் எதன் மீது ஓடுகிறது என்பது விளங்கிவிடும். கோயம்பேட்டுக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள், மீன் மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள், அம்பத்தூர் சாலையிலிருந்து வந்து சேருகிறவர்கள் என்று எல்லோரும் பெரும்பாலும் இரு சக்கர வாகனத்தில்தான் வருகிறார்கள். கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை, பின் சீட்டில் ஒரு மூட்டை, நடுவில் வியாபாரி. பக்கத்திலேயே பைபாஸிலிருந்து இறங்கும் கன்டெய்னர் லாரி. 2020-ல் கொரோனா காரணமாகக் கோயம்பேடு காய்கறிச் சந்தை மே முதல் செப்டம்பர் வரை திருமழிசையில் நடந்தபோதும் இதே சாலையில்தான் எதிர்த் திசையில் ஓடினோம்.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் மழைக்காலத்தில் ஒரு நாள் சர்வீஸ் ரோட்டு மணலில் வழுக்கி விழுந்தார். ஹெல்மெட் வாரைப் பூட்டியிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விழும்போது கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுடன் ஆறு வாரம். கல்லாவில் உட்கார முடிந்தது, தராசில் நிறுக்கவும் மூட்டை பிரிக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. அந்த ஆறு வாரத்தில் வேறு கடைக்குப் பழகிப்போன மாதாந்திர வாடிக்கைகள் திரும்பி வரவில்லை என்பதைத்தான் இன்றும் சொல்லி வருத்தப்படுகிறார்.

நம் உறுப்பினர்களில் பலருக்கு உடல் கவசம் என்றால் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும். அதையும் போலீஸுக்காக வாங்குகிறோம். கை, முழங்கால், தோள், முதுகு ஆகியவற்றுக்கும் கவசம் உண்டு. பந்தயக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்த காலம் போய், இன்று சாதாரணக் கடைகளிலும் கிடைக்கிறது. கிடைப்பதெல்லாம் கவசமா என்பதுதான் கேள்வி. எடைக்கல்லில் முத்திரை பார்க்கிறோம், பாக்கெட்டில் தயாரித்த தேதி பார்க்கிறோம். அதே கண்ணோடு கவசத்தையும் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தலைக்கவசம்

சட்டம் முதலில். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் ஓட்டுபவரோடு பின்னால் அமர்பவரும் அணிய வேண்டும் என்பது தமிழகத்தில் கண்டிப்பாக்கப்பட்டது. 2022 அக்டோபரில் இங்கு அபராதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு சிப்பம் நல்ல அரிசி விலைக்குள் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கிடைக்கும்போது, அபராதம் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராத நஷ்டம்.

ஹெல்மெட்டின் தர எண் ஐ.எஸ். 4151. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் சேர்ந்து இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. கடை வாசலில் நாலு ஹெல்மெட் தொங்கவிட்டு விற்கும் நம் நண்பர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஹெல்மெட்டின் மேல் ஓடு அடியைப் பரப்பி விடுகிறது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற கெட்டிப் பஞ்சு நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பஞ்சு ஒரு முறைதான் நசுங்கும். ஒரு தடவை நன்றாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அதோடு முடிந்தது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் பட்டால் அந்தப் பஞ்சு கெட்டுப்போகும். ஆகவே கடையில் அந்த டின்கள் இருக்கும் மூலையில் ஹெல்மெட்டை வைக்கக் கூடாது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான மருத்துவ ஆய்வின்படி, ஹெல்மெட் அணிந்தவருக்கு விபத்தில் இறக்கும் ஆபத்து 42 சதவீதமும், தலைக்காயம் படும் ஆபத்து 69 சதவீதமும் குறைகிறது. இவ்வளவு பலன் தரும் வேறு பொருள் கிடையாது. எனவே பணம் குறைவாக இருந்தால் முழுப் பணத்தையும் இதிலேயே போட வேண்டும்.

ஐந்து கிலோ எடைக்கல் சோதனை

தோள், முழங்கை, முழங்கால், முதுகுக் கவசங்களில் நம் கடைகளில் வழக்கமாகக் காணப்படுவது ஐரோப்பிய முத்திரை. அங்கே எப்படிச் சோதிக்கிறார்கள் என்பது வியாபாரிக்கு எளிதில் புரியும். ஐந்து கிலோ இரும்பை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கவசத்தின் மேல் போடுகிறார்கள். கவசத்தின் அடியில் எவ்வளவு விசை போய்ச் சேர்ந்தது என்று அளக்கிறார்கள். குறைவாகச் சேர்ந்தால் நல்ல கவசம்.

கை கால் மூட்டுக் கவசங்களுக்கு உரிய எண் இ.என். 1621-1. இதில் இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் சராசரியாக 35 கிலோ நியூட்டன் வரை விசை கடந்து போகலாம். இரண்டாம் நிலையில் 20-க்கு மேல் போகக் கூடாது. முதுகுக் கவசத்துக்கு எண் இ.என். 1621-2. இதில் முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9. ஒரு கிலோ நியூட்டன் என்பது ஏறக்குறைய நூறு கிலோ பாரம் தரும் அழுத்தம். அப்படியானால் முதுகுக் கவசத்தின் முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் உள்ள வித்தியாசம், அந்த ஒரு நொடிக்குள், சுமார் 900 கிலோ. விலையில் சில நூறு ரூபாய் கூடினாலும் முதுகுக்கு இரண்டாம் நிலையையே கேட்டு வாங்குங்கள்.

முத்திரையைப் படிப்பது

ஜாக்கெட்டின் மேல் சி.இ. என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. உள்ளே இருக்கும் கவசத் துண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். எடுத்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். துண்டின் மேலேயே கீழ்க்கண்டவை பதிந்திருக்க வேண்டும்:

1. மோட்டார் சைக்கிள் ஓட்டும் மனிதனின் சிறு படம்.

2. இ.என். 1621 என்ற எண்ணும், அதன் பின் 1 அல்லது 2 என்ற பகுதி எண்ணும்.

3. நிலை 1 அல்லது நிலை 2.

4. எந்த உறுப்புக்கு உரியது என்று காட்டும் ஆங்கில எழுத்து. தோளுக்கு எஸ், முழங்கைக்கு இ, முழங்காலுக்கு கே, இடுப்புக்கு எச். முழு முதுகுக்கு எஃப்.பி., முதுகின் நடுப்பகுதிக்கு சி.பி.

5. டி என்ற எழுத்தும் கூட்டல் குறியும். 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறியது என்று பொருள். இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. விரும்பும் தயாரிப்பாளர் மட்டும் செய்துகொள்கிறார். ஐரோப்பாவில் யாரும் இதைப் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் பூந்தமல்லி சாலையில் ஓடும் நாம் கவனிக்க வேண்டும். சூட்டில் இளகிப்போகும் கவசத்தால் பயன் இல்லை.

இவை எதுவும் இல்லாமல் வெறும் ஸ்பாஞ்ச் துண்டு வந்தால் அது அலங்காரம். புதிய ஜாக்கெட்டுகள் பலவற்றில் தோளுக்கும் முழங்கைக்கும் கவசம் இருக்கும். முதுகில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். அதைத் தனியாக வாங்கிச் சொருக வேண்டும்.

சோள மாவும் கவசமும்

கெட்டியாக இருப்பதுதான் நல்ல கவசம் என்று நினைக்கிறோம். கையால் அமுக்கினால் களிமண் போல் இருக்கும் துண்டைப் பார்த்து "இது எப்படித் தாங்கும்?" என்று கேட்கிறோம். விடை நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. இரண்டு பங்கு வெள்ளைச் சோள மாவில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, விரலை மெதுவாக விடுங்கள், உள்ளே போகும். ஓங்கிக் குத்துங்கள், கல் போல் நிற்கும். மெதுவாகத் தொட்டால் இளக்கம், வேகமாக அடித்தால் இறுக்கம்.

இந்தக் குணத்தை ஒரு பஞ்சுக்குள் கொண்டுவந்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் ரிச்சர்ட் பால்மர். பனிமலையில் பலகை மேல் சறுக்கி விளையாடுகிறவர் அவர். விறைப்பான பிளாஸ்டிக் கவசம் உடம்போடு வளையாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். 1999-ல் டி-3-ஓ என்ற நிறுவனம் தொடங்கினார். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடா நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் இந்தப் பஞ்சு வைத்த உடை அணிந்தார்கள். பனிக்காக உண்டான அந்தப் பொருள் இன்று நம் ஊர் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் இளக்கமான துண்டு எல்லாம் அந்த ரகம் ஆகிவிடாது. மேலே சொன்ன எண் பதிந்திருக்கிறதா என்பதே அளவுகோல்.

பனியில் விழுவோரிடமிருந்து நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பலகைச் சறுக்கில் அதிகம் அடிபடும் உறுப்பு மணிக்கட்டு, ஏனென்றால் விழுகிறவன் கையை ஊன்றுகிறான். அதனால் அவர்கள் மணிக்கட்டுக் காப்பு அணிகிறார்கள். நாமும் கையைத்தான் ஊன்றுகிறோம். ஆனால் கையுறை வாங்குவது நம்மில் எத்தனை பேர்?

எதை முதலில் வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. வரிசைப்படி வாங்கலாம்.

முதலில் ஹெல்மெட். அடுத்தது கையுறை. உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுவழுப்பான கட்டி வைத்ததாகப் பாருங்கள். கை ஊன்றும்போது அது தரையில் சறுக்கி, மணிக்கட்டுக்குப் போகும் அடியைக் குறைக்கும். மணிக்கட்டில் இழுத்துக் கட்டும் பட்டை இருக்க வேண்டும். மூன்றாவது, கணுக்காலை மூடும் ஷூ. செருப்போடு போனால் விழுவதற்கு முன்பே கழன்றுவிடும். நான்காவது, பேன்ட் மேல் பட்டையால் கட்டும் முழங்கால், முழங்கைக் கவசம். கடைசியாக ஜாக்கெட்டும் முதுகுக் கவசமும். நம் வெயிலுக்கு வலைத்துணி ஜாக்கெட் போதும்; வியர்வை தாங்காமல் கழற்றி வீட்டில் வைத்த தோல் ஜாக்கெட்டைவிட, தினமும் அணியும் வலை ஜாக்கெட் மேல்.

வேட்டி கட்டும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேட்டியின் மேல் முழங்கால் கவசம் நிற்காது. வேட்டி சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் உண்டு. சரக்கெடுக்கப் போகும் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் பேன்ட் அணியுங்கள். கடையில் வந்து மாற்றிக்கொள்ளலாம்.

அளவு சரியா?

நிலை 2 முத்திரை இருந்தும் அளவு தவறினால் கவசம் விழும்போது நகர்ந்துவிடும். ஹெல்மெட்டுக்குப் புருவத்துக்கு மேல் அங்குல நாடாவைச் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து அந்த எண்ணை வாங்குங்கள். போட்டுத் தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். வாரைப் பூட்டியபின் பின்னாலிருந்து தூக்கிப் பாருங்கள், கழலக் கூடாது. தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் போனால் சரி.

முழங்கால் கவசத்தை நின்றபடி போட்டுப் பார்க்காதீர்கள். வண்டியில் உட்காரும் நிலையில் காலை மடக்கிப் பார்க்க வேண்டும். மடக்கும்போது முட்டியை விட்டு இறங்கினால் அது வேண்டாம். ஜாக்கெட்டைக் கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். முழங்கைத் துண்டு முழங்கையில் நிற்கிறதா என்பதே கணக்கு. தொளதொளப்பான ஜாக்கெட்டில் துண்டு சுற்றிக்கொண்டு எங்கோ போய்விடும்.

கவசத்தால் முடியாதது

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து கிலோ இரும்பை ஒரு மீட்டரிலிருந்து போடும் சோதனை லாரிச் சக்கரத்துக்கான சோதனை அல்ல. வழுக்கி விழுவது, உரசுவது, முட்டி மோதுவது ஆகியவற்றுக்குத்தான் கவசம். கால் வைக்கும் இடத்தில் மூட்டை இருந்தால் காலை ஊன்ற முடியாது, ஹேண்டில் திரும்பாது. பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். அந்த வண்டி கவிழ்வதை எந்த ஜாக்கெட்டும் தடுக்காது. இரண்டு மூட்டைக்கு மேல் என்றால் நாலு பேர் சேர்ந்து குட்டி யானை பிடித்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதே லாபம்.

கடைப் பையனுக்கும் உண்டா?

முதலாளிக்கு வாங்கியது போதாது. வீட்டுக்கு வீடு சரக்குக் கொண்டு போகிறவன் நம் கடைப் பையன். ஒரு நாளில் நம்மைவிட அதிக நேரம் சாலையில் இருப்பவன் அவன்தான். அவனுக்குப் பழைய ஹெல்மெட்டைக் கொடுத்து அனுப்புவது பல கடைகளில் வழக்கம். அடிபட்ட ஹெல்மெட் ஒரு முறையோடு முடிந்தது என்று மேலே சொன்னோம். அவன் தலை அளவு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். அவனையும் கடைக்கு அழைத்துச் சென்று, அளந்து, ஹெல்மெட்டும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அவன் வீட்டாருக்கு நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இரவு கடையை மூடும்போது பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். விடியலில் வண்டியை எடுக்கும்போது ஹெல்மெட் வாரையும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். கடை நாளையும் திறக்க வேண்டும்.