கோயில் மனையில் இருக்கும் வீட்டை வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

சங்கரன்கோவில் போல கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களில், ரத வீதிக்குப் பக்கத்திலேயே மலிவான விலையில் வீடு கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? விலை பேசி அட்வான்ஸும் கொடுத்தாச்சு. பத்திரம் பதியப் போகும்போதுதான் சிக்கல் தெரிகிறது: 'இடம் கோயிலுக்குச் சொந்தம், தடையில்லாச் சான்று வேணும்.' அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருப்புதான். ஏன் இந்தத் தாமதம்?

அடிமனை என்றால் என்ன?

நிலம் கோயிலுடையது. அதன் மேல் இருக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. நிலத்துக்காக அவர் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்ட வேண்டும். அதாவது, விற்பவரால் கட்டடத்தை மட்டுமே விற்க முடியும், நிலத்தை விற்க முடியாது.

'மூணு தலைமுறையா வீட்டு வரி கட்டுறோம், இனிமே எங்க இடம்தான்' என்ற பேச்சும் எடுபடாது. கோயில் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்பு கிடையாது என்கிறது இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109-வது பிரிவு.

பதிவு ஏன் நிற்கிறது?

பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு சேர்த்த 22-ஏ பிரிவுதான் காரணம். 2012-ல் கொண்டுவரப்பட்ட இந்தத் திருத்தம், 2016 அக்டோபர் 20 முதல் அமலில் உள்ளது. உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் கோயில் சொத்து தொடர்பான விற்பனை, தானம், அடமானம், குத்தகைப் பத்திரங்களைப் பதிய மறுக்கலாம். 'கட்டடம் மட்டும்' என்று எழுதினாலும், சர்வே எண் கோயில் பெயரில் இருந்தால் சார்பதிவாளர் கேள்வி எழுப்பவே வாய்ப்பு அதிகம்.

கோயிலின் பதில் ஏன் லேட்டாகிறது?

பலரும் இதை ஒரே ஒரு கையெழுத்து என்று நினைக்கிறார்கள். உண்மையில் பல விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்:

* வாடகைதாரர் யார்? இறந்துபோன தாத்தா பெயரிலேயே கணக்கு இருந்தால், முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

* பாக்கி எவ்வளவு? 34-ஏ பிரிவின்படி இணை ஆணையர், கோயில் தரப்பு, மாவட்டப் பதிவாளர் அடங்கிய குழு நியாய வாடகையை நிர்ணயிக்கும். வாடகை உயர்ந்தது தெரியாமல் பழைய தொகையையே கட்டி வந்தவர்களுக்கு, பாக்கி பெரிய தொகையாக நிற்கலாம். உயர்வை எதிர்த்து ஆணையரிடம் மேல்முறையீடு செய்தால், அது முடியும் வரை மற்ற வேலையும் தள்ளிப்போகும்.

* குத்தகை எத்தனை ஆண்டு? 5 ஆண்டுக்கு மேல் என்றால் 34-வது பிரிவின்படி ஆணையரின் அனுமதி அவசியம். அதற்கு முன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபனை கேட்க வேண்டும்.

வீட்டை வாங்கியவுடன் நீங்கள் தானாகவே கோயிலின் வாடகைதாரர் ஆகிவிட மாட்டீர்கள். கோயில் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 'லீஸ்ஹோல்டு' வீடு வாங்குபவர்களும் இப்படித்தான் நில உரிமையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

நிலத்தையே வாங்கிக்கலாமா?

அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டியவர், அந்த நிலத்தை வாங்க நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமையை 1921-ம் ஆண்டின் நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தந்தது. ஆனால் 1996-ல் வந்த திருத்தம், கோயில் நிலங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

என்ன செய்யலாம்?

1. அறநிலையத்துறை இணையதளத்தில் கோயில் நிலங்களின் விவரம் இருக்கிறது. சர்வே எண்ணை அதில் தேடுங்கள். வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டையும் பாருங்கள்.

2. கடைசியாகக் கட்டிய வாடகை ரசீதைக் கேளுங்கள். அது யார் பெயரில் இருக்கிறது என்று கவனியுங்கள்.

3. பெயர் மாற்றத்துக்கும் தடையில்லாச் சான்றுக்கும் விற்பவரையே முதலில் கோயில் அலுவலகத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். ஒப்புகை ரசீது அவசியம்.

4. லோன் வாங்குவதாக இருந்தால் வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். நில உரிமை இல்லாத வீட்டுக்குக் கடன் கிடைப்பது கஷ்டம்.

5. 'இந்தத் தேதிக்குள் அனுமதி வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்' என்று கிரைய ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும்.

இது கோயில் நிலமே இல்லை என்றால்?

கோயில் தரப்பு ஆட்சேபித்தது என்பதற்காக மட்டும் சார்பதிவாளர் மறுக்கக் கூடாது, இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்துள்ளது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

'லெட்டர் இதோ வந்துடும்' என்று யார் சொன்னாலும், லெட்டரைக் கையில் பார்த்த பிறகு பெரிய தொகையைக் கொடுப்பதே நல்லது.