உலோக ஆக்சைடு வினையூக்கிகளில் மாசூட்டல்

உலோக ஆக்சைடு வினையூக்கிகளில் மாசூட்டல் என்பது, ஓர் உலோக ஆக்சைடில் வேறொரு தனிமத்தைச் சிறிதளவு சேர்த்து அதன் வினையூக்கப் பண்புகளை மாற்றும் முறையாகும். சேர்க்கப்படும் தனிமம் மாசூட்டி எனப்படும். இங்கு மாசு என்பது அழுக்கு அன்று. அளவறிந்து வேண்டுமென்றே சேர்க்கப்படும் வேற்றுப்பொருள் ஆகும். மரம், வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற உயிரித்திரளிலிருந்து பெறப்படும் வேதிப்பொருட்களைப் பயனுள்ள பிற பொருட்களாக மாற்ற இத்தகைய வினையூக்கிகள் உதவுகின்றன.

தேவை

உலர்ந்த மரத்தின் எடையில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிசன் உள்ளது. பெட்ரோலியத்தில் ஆக்சிசன் மிகக் குறைவு. எனவே உயிரித்திரளிலிருந்து கிடைக்கும் எத்தனால், அசிட்டிக் அமிலம் போன்றவற்றைப் பெட்ரோலிய வேதிப்பொருட்களுக்கு மாற்றாகப் பயன்படுத்த, அவற்றின் ஆக்சிசனை நீக்க வேண்டும். சிறிய மூலக்கூறுகளை இணைத்துப் பெரியனவாக்கவும் வேண்டும்.

செயல்படும் விதம்

மாசூட்டி மூன்று வகைகளில் செயல்படுகிறது.

1. மின்சுமை: நான்கு நேர்மின்சுமை கொண்ட சிர்க்கோனியம் அயனியின் இடத்தில் இரண்டு நேர்மின்சுமை கொண்ட துத்தநாக அயனி அமர்ந்தால், மின்சுமையைச் சமன்செய்ய ஓர் ஆக்சிசன் அயனியின் இடம் காலியாகிறது. வினைபடு மூலக்கூறின் ஆக்சிசன் அணு இத்தகைய காலியிடத்தில் பிணையக்கூடும்.

2. அயனியின் அளவு: சீரியம் ஆக்சைடில் சீரியத்தைவிடச் சிறிய சிர்க்கோனியம் அயனியைச் சேர்த்தால் படிக அமைப்பு சற்றுத் திரிகிறது. அதிலுள்ள ஆக்சிசன் எளிதில் இடம்பெயர்கிறது.

3. அமில, காரத் தன்மை: மேற்பரப்பிலுள்ள அமில இடங்களின் வலிமை குறையலாம், புதிய கார இடங்களும் தோன்றலாம்.

எடுத்துக்காட்டு

எத்தனாலை ஐசோபியூட்டிலீனாக மாற்றும் வினை மூன்றாவது வகையை நன்கு விளக்குகிறது. தனித்த சிர்க்கோனியம் ஆக்சைடின் வலிய அமில இடங்கள் எத்தனாலிலிருந்து நீரை நீக்கி எத்திலீனைத் தருகின்றன. துத்தநாக ஆக்சைடைச் சேர்க்கும்போது அந்த இடங்கள் தணிந்து, கார இடங்கள் உருவாகின்றன. அப்போது எத்தனால் முதலில் ஐதரசனை இழந்து அசிட்டால்டிகைடாகிறது. பின்னர் நீராவியின் உதவியுடன் அசிட்டிக் அமிலமாகவும், அடுத்து அசிட்டோனாகவும், இறுதியில் ஐசோபியூட்டிலீனாகவும் மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு 2011 இல் இதனை வெளியிட்டது. வினை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் நிகழ்கிறது. செயற்கை இரப்பர் தயாரிப்பில் ஐசோபியூட்டிலீன் பயன்படுகிறது.

அளவின் முக்கியத்துவம்

துத்தநாகம் குறைந்தால் எத்திலீன் மிகும். படியும் கரியும் வினையூக்கியை மூடும். துத்தநாகம் அதிகமானால் கடைசிப் படிக்குத் தேவையான அமிலத்தன்மை போதாமல் வினை அசிட்டோனுடன் நின்றுவிடும். ஆகவே எந்தத் தனிமத்தைச் சேர்க்கிறோம் என்பதுடன், எவ்வளவு சேர்க்கிறோம் என்பதும் விளைபொருளைத் தீர்மானிக்கிறது.

வரம்பு

மூன்று எத்தனால் மூலக்கூறுகளும் ஒரு நீர் மூலக்கூறும் வினைபுரிந்தால் ஒரு ஐசோபியூட்டிலீன், இரண்டு கார்பன் டை ஆக்சைடு, ஆறு ஐதரசன் மூலக்கூறுகள் கிடைக்கின்றன. எத்தனாலிலுள்ள ஆறு கார்பன் அணுக்களில் இரண்டு இவ்வாறு வெளியேறிவிடுகின்றன. மாசூட்டியால் வினை செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் அவ்வழியில் நேரும் இந்தக் கார்பன் இழப்பைத் தவிர்க்க முடியாது.