மூங்கில் ரோலா, பழைய வேட்டியா?

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் டிஷ்யூ ரோலுக்குப் பக்கத்திலேயே மூங்கில் ரோலும் இப்போது கிடைக்கிறது. விலை கூடுதல். ‘மரம் வெட்டவில்லை, மண்ணில் மக்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்’ என்று உறை பேசுகிறது. இதை வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நன்மையா? அந்த ரோல் உங்கள் சமையலறையில் எதன் இடத்தைப் பிடிக்கப்போகிறது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

இரண்டு வகை ரோல்கள்

முதல் வகை, மூங்கில் கூழில் செய்த காகிதம். ஒருமுறை துடைத்தால் குப்பைக்குப் போய்விடும். இரண்டாம் வகை கொஞ்சம் தடிமன். ரோலுக்குப் பெரும்பாலும் 20 தாள் இருக்கும், கழுவிக் காயவைக்கலாம். ‘மூங்கில் துணி’ என்று விற்கப்படும் இந்த வகையில் பெரும்பாலும் இருப்பது விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு ஆகியவற்றால் கரைசலாக்கி, கந்தக அமிலத்தில் இழையாக்குவதே விஸ்கோஸ். மூங்கிலுக்கு உரியதாகச் சொல்லப்படும் கிருமி எதிர்ப்புக் குணம் எதுவும் அதில் மிஞ்சாது.

விஸ்கோஸை ‘மூங்கில்’ என்று சொல்லி விற்ற நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2009 முதல் நடவடிக்கை எடுத்துவருகிறது. 2022இல் வால்மார்ட், கோல்ஸ் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. சில ரோல்களில் பாலியஸ்டரும் கலந்திருக்கும். அது மக்காது.

மூங்கிலுக்கும் ஒரு வரலாறு உண்டு

மூங்கில் புல் இனம். வெட்டினால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். மூன்று, நான்கு ஆண்டுகளில் கழி முற்றிவிடும். காகிதத்துக்கு ஏற்ற பயிர் என்பதில் சந்தேகமில்லை. நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. மூங்கில் காகிதத் தொழிலுக்கு இறக்குமதிப் போட்டியிலிருந்து பாதுகாப்புத் தர 1925இலேயே தனிச் சட்டம் வந்தது.

அந்த மூங்கில் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் நெடுநாள் வழக்கு. கோழிக்கோடு அருகே மாவூரில் இயங்கிய குவாலியர் ரேயான்ஸ் ஆலைக்குக் கேரள அரசு டன் ஒரு ரூபாய் என்ற விலையில் மூங்கில் கொடுத்தது. ஆலைக் கழிவு சாலியாற்றைக் கெடுத்தது. கரையோர மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1999இல் உற்பத்தி நின்றது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருள் பட்டியலில் சேர்த்தது. அதன்படி 2011 ஏப்ரலில் மேந்தா லேகா கிராம சபைக்கு, தன் காட்டு மூங்கிலைத் தானே வெட்டி விற்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். 2017இல் இந்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீங்கியது. நம் விவசாயி விளைவித்த மூங்கிலில் செய்த ரோல் என்றால் இந்த மாற்றத்தின் பலன் அவருக்குப் போய்ச் சேரும்.

உறையில் எதைப் பார்ப்பது?

முதலில் தயாரித்த நாடு. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் சீன ஆலைகளில் செய்த மூங்கில் டிஷ்யூ, அமெரிக்காவில் மரக்கூழில் செய்த டிஷ்யூவைவிடக் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் கணக்கிட்டார்கள். பயிர் பசுமையாக இருந்தால் மட்டும் போதாது, ஆலையின் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும் என்பது அதன் பாடம்.

அடுத்து, உள்ளடக்கம். பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான ‘விச்?’, மூங்கில் கழிவறைக் காகிதம் என்று விற்கப்பட்ட ஐந்து பிராண்டுகளைச் சோதித்தது. மூன்றில் பெரும்பகுதி மரக்கூழ்தான். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்பவர்கள் ஆதாரத்தையும் காட்ட வேண்டும்.

வீட்டுக் கணக்கு

‘100 முறை கழுவலாம்’ என்கிறது உறை. 20 தாள்கள் என்றால் 2,000 துடைப்பு. 60 தாள் கொண்ட டிஷ்யூ ரோல் 33க்கு அது ஈடு. எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை என்று ஐந்தாம் கழுவலிலேயே எறிந்துவிட்டால் 100 துடைப்புதான். இரண்டு ரோலுக்குக்கூட எட்டாது. விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழக்கும் என்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது, பிளீச்சும் ஆகாது.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் முந்துவது நைந்த வேட்டியும் பருத்திப் புடவையும்தான். அவற்றுக்கான பருத்தி, தண்ணீர், சாயம் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன. கிழித்துப் பிடிதுணியாகவோ மேடைத் துணியாகவோ வைத்துக்கொண்டால் புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. வீட்டில் பழந்துணி இல்லாவிட்டாலும் மும்பையில் துணிக்குப் பஞ்சமில்லை. தாராவித் தையல் கூடங்களில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை இங்கே ‘சிந்தி’ என்பார்கள். அது எடைக்கு விற்கிறது. அதில் பருத்தியாகப் பார்த்து எடுக்க வேண்டும். செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சாது.

துணிக்கும் ஒரு குறை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் எதுவும் காய்வதில்லை. ஈரத்துணியில் கிருமி பெருகும், நாற்றமும் அடிக்கும். நாலைந்து துண்டுகளைச் சுழற்சியில் வைத்து, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, மின்விசிறிக்குக் கீழே உலர்த்துவதே வழி. மீன், இறைச்சி வெட்டிய இடத்தைத் துடைக்க மட்டும் ஒருமுறைக் காகிதம் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வடை, பஜ்ஜியின் எண்ணெயை வடிக்கப் பழைய செய்தித்தாள் கூடாது; அச்சு மை உணவில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது; 2018 விதிகள் உணவைச் செய்தித்தாளில் பொதிவதற்குத் தடை விதித்தன. தட்டின் மேல் ஒரு கம்பி வலையை வைத்தால் காகிதமே தேவைப்படாது.

குப்பைக்குப் போன பின்?

அழுக்கு டிஷ்யூவைப் பழைய காகிதம் வாங்கும் ரத்திவாலா வாங்க மாட்டார். அது ஈரக்குப்பையோடு சேர்ந்து உரக்குழிக்குப் போனால் மக்கும். செம்பூரை ஒட்டிய தேவ்னார் போன்ற குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்தால் மீத்தேன் வாயுவாகும். 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னாரில் 2016 ஜனவரியில் எரிந்த தீயின் புகை நகரையே மூடியது. அங்கே சேரும் தாள் மூங்கிலா மரமா என்பதில் வேறுபாடு எதுவும் இல்லை.

வாரம் ஒரு டிஷ்யூ ரோல் தீரும் வீட்டுக்குக் கழுவத்தக்க ரோல் லாபம்தான், கழுவும் பொறுமை இருந்தால். ஒருமுறைக் காகிதம்தான் வேண்டும் என்பவர்கள் மூங்கில் என்ற பெயரை மட்டும் நம்பாமல் எங்கே செய்தது என்று பார்த்து வாங்கட்டும். பிடிதுணியிலேயே சமையலறை நடக்கும் வீட்டுக்கு எந்த ரோலும் வேண்டாம்.